நகராட்சியில் வேலை முடிப்பது எப்படி? சிறு நகரவாசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நகராட்சி அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தும் வேலை முடியவில்லை என்று அலுத்துக்கொள்பவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். எந்தப் பிரிவில் கொடுத்தீர்கள்? மனு எண் என்ன? முதல் கேள்விக்கு "அங்கே உட்கார்ந்திருந்த ஒரு சாரிடம் சொன்னேன்" என்பார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதிலே வராது. லஞ்சம், அலட்சியம் எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கு அலுவலகத்தில் உயிரே கிடையாது. சரியான அலுவலகம், சரியான பிரிவு, கையில் ஒரு எண். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றையும் பிடிப்பதற்கான வழிகள்தான்.

இது தமிழ்நாட்டு நகராட்சிகளை மனத்தில் வைத்து எழுதியது. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் ஓடிய நிர்வாகம், 2023-ல் விதிகள் வந்த பிறகு 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்துக்கு மாறியது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் இதே சட்டம்தான். ஆகவே 2024-ல் மாநகராட்சியான காரைக்குடி, நாமக்கல், புதுக்கோட்டை, திருவண்ணாமலை போன்ற ஊர்க்காரர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். தலைவர் மேயராகியிருப்பார், அவ்வளவுதான்.

முதல் படி: இது யாருடைய வேலை?

ஊருக்குள் இருப்பதெல்லாம் நகராட்சியுடையது என்று நினைப்பதில்தான் பாதி அலைச்சல் தொடங்குகிறது. ஒரே தெருமுனையில் நின்று பார்த்தால் நான்கைந்து துறைகள் தெரியும்.

சாலையை எடுத்துக்கொள்வோம். உங்கள் தெரு நகராட்சியுடையது. ஆனால் பஸ் போகும் பிரதான சாலை பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். சில ஊர்களில் தேசிய நெடுஞ்சாலையே ஊருக்குள் புகுந்து போகும். அந்தச் சாலையில் விழுந்த பள்ளத்துக்கு நகராட்சியில் மனு கொடுத்தால், "இது ஹைவேஸ் ரோடு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். அந்த மனு நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளருக்குப் போக வேண்டும். படம் எடுத்துப் புகார் அனுப்ப 'நம்ம சாலை' என்ற செயலியையும் அந்தத் துறை 2023 நவம்பரில் கொண்டுவந்தது. சாலை யாருடையது என்று சந்தேகம் இருந்தால் நகராட்சிப் பொறியியல் பிரிவில் கேட்டுவிடுங்கள். தங்களுடையது இல்லாத சாலைகளின் பட்டியல் அவர்களுக்கு மனப்பாடம்.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் நகராட்சி. ஆனால் அந்த விளக்கு தொங்கும் கம்பம் பெரும்பாலும் மின்வாரியத்தினுடையது. கம்பம் சாய்ந்தாலோ கம்பி தொய்ந்தாலோ மின்னகம் எண் 94987 94987-ஐ அழைக்க வேண்டும். விளக்குப் புகாருக்கும் கம்ப எண் உதவும். கம்பத்தில் பெயின்டால் எழுதியிருப்பார்கள். "கோயில் பக்கத்தில் இருக்கிற லைட்" என்று சொன்னால் ஆள் வந்து, தேடி, திரும்பிப் போய்விடுவார்.

குடிநீரில் இரண்டு அடுக்கு உண்டு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஆற்றிலிருந்து உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டி வரைக்கும் கொண்டுவருவது பல ஊர்களில் குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து உங்கள் குழாய் வரை நகராட்சி. ஊர் முழுக்கத் தண்ணீர் வரவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் மேலே. உங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை என்றால் கீழே. இதைத் தெரிந்துகொள்ள அலுவலகம் போக வேண்டியதில்லை, வால்வு திறக்க வருபவரைக் கேட்டாலே போதும்.

சான்றிதழ்களில்தான் குழப்பம் அதிகம். பிறப்பு, இறப்புச் சான்று நகராட்சி. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வருவாய்த் துறை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று நகரும். பட்டாவும் வட்டாட்சியர் அலுவலகம்தான். குடும்ப அட்டை, வட்ட வழங்கல் அலுவலர். நகராட்சியிலும் 'வருவாய்ப் பிரிவு', 'வருவாய் ஆய்வாளர்' என்ற பெயர்கள் இருப்பதால் பட்டாவுக்காக அங்கே வரிசையில் நிற்பவர்கள் உண்டு. நகராட்சியின் வருவாய்ப் பிரிவு என்பது வரி வசூல். நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் படி: உள்ளே யார் யார்?

நகராட்சியில் முடிவெடுக்கும் தலைகள் இரண்டு. மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களும், அவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த நகர்மன்றத் தலைவரும் ஒரு பக்கம். அரசு நியமித்த ஆணையரும் அவருக்குக் கீழ் அலுவலர்களும் இன்னொரு பக்கம். புதுச் சாலை, புதுப் பூங்கா, எந்த வார்டுக்கு எவ்வளவு என்பதெல்லாம் மன்றத்தின் தீர்மானத்தோடு நடப்பவை. உங்கள் வரிப் பெயர் மாற்றம், பிறப்புச் சான்று, குழாய் இணைப்பு போன்றவை அலுவலர்கள் கையெழுத்தில் நடப்பவை. பெயர் மாற்றத்துக்காகக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பதும், புதுச் சாலைக்காக எழுத்தரிடம் மன்றாடுவதும் ஒரே அளவு வீண்.

அலுவலகத்துக்குள் பொதுவாக ஐந்து பிரிவுகள். பொதுப் பிரிவில் மேலாளர் இருப்பார். தபால் பெறும் இடமும் அங்கேதான். வருவாய்ப் பிரிவில் சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, கடை வாடகை. உங்கள் தெருவுக்கு வரும் பில் கலெக்டர் இந்தப் பிரிவு. பொறியியல் பிரிவில் சாலை, வடிகால், குடிநீர், விளக்கு. ஏ.இ. என்று எல்லாரும் சொல்லும் உதவிப் பொறியாளர்தான் களத்துக்கு வருபவர். நகரமைப்புப் பிரிவில் கட்டட அனுமதி, ஆக்கிரமிப்பு. சுகாதாரப் பிரிவில் குப்பை, கொசு, நாய், கழிவுநீர்த் தொட்டி, பிறப்பு இறப்புப் பதிவு.

குழந்தையின் பிறப்புச் சான்றும் குப்பை லாரியும் ஒரே பிரிவா என்று சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சுகாதார ஆய்வாளர்தான் அந்த வட்டாரத்தின் பிறப்பு இறப்புப் பதிவாளர். காலையில் அவர் களத்தில் துப்புரவுப் பணியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பத்து மணிக்குப் போய் "ஆளே இல்லை" என்று கோபப்படாமல், எப்போது இருக்கையில் இருப்பார் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சொத்து வரி

எதற்கு வந்தாலும் "டாக்ஸ் கட்டியிருக்கீங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். குழாய் இணைப்பு, பெயர் மாற்றம், வரைபட அனுமதி என எதுவாக இருந்தாலும் பழைய பாக்கி குறுக்கே நிற்கும். எனவே இதை முதலில் சரிசெய்யுங்கள்.

சொத்து வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டிவிட்டால் 5 சதவீத ஊக்கத்தொகை கழிப்பார்கள்; உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. நகராட்சி நிர்வாகத் துறையின் இணையதளத்தில் வரிவிதிப்பு எண்ணைக் கொடுத்தால் பாக்கி தெரியும், அங்கேயே கட்டலாம். பில் கலெக்டரிடம் ரொக்கமாகக் கொடுத்தால் கணினி ரசீதைக் கையோடு வாங்குங்கள். "அப்புறம் தர்றேன்" என்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ரசீதில் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: உரிமையாளர் பெயர், கதவு எண், கட்டடப் பரப்பு, பயன்பாடு. குடியிருப்பு வீடு வணிகம் என்று பதிவாகியிருந்தால் வரி எகிறும். பரப்பு ஏன் முக்கியம் என்பதற்கு 2022 ஏப்ரல் வரி உயர்வே சாட்சி. சென்னையின் மையப் பகுதியைத் தவிர்த்த மற்ற ஊர்களில் 600 சதுர அடி வரையான வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தினார்கள். 1,190 சதுர அடி வீட்டை 1,210 என்று எழுதியிருந்தால் அந்த இருபது அடிக்காக அடுத்த படிநிலைக்குப் போய்விட்டீர்கள்! அளவு தவறு என்று தெரிந்தால் மறு அளவீடு கோரி ஆணையருக்கு எழுதுங்கள். வரிவிதிப்பு அல்லது வரி உயர்வு நோட்டீஸ் வந்திருந்தால், அதில் சொன்ன கெடுவுக்குள் ஆட்சேபணை கொடுத்துவிட வேண்டும். கெடு முடிந்த பிறகு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் சுற்றுவழிதான்.

அடுத்தது பெயர் மாற்றம். வீடு வாங்கிப் பத்திரம் பதிந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பட்டா வேறு, சொத்து வரிப் பெயர் வேறு, குடிநீர் இணைப்பு வேறு, மின் இணைப்பு வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்ற வேண்டும். வாங்கிய சொத்து என்றால் பத்திர நகல், வில்லங்கச் சான்று, பாக்கியில்லாத கடைசி வரி ரசீது, அடையாளச் சான்று. அப்பா காலமாகி உங்களுக்கு வந்த சொத்து என்றால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூடவே மற்ற வாரிசுகளின் சம்மதம் அல்லது பதிவு செய்த பாகப்பிரிவினை. விண்ணப்பங்கள் நின்றுபோவது பெரும்பாலும் கடைசியில் சொன்னதில்தான். அக்கா திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார் என்பதற்காக அவரை விட்டுவிட முடியாது. வாரிசுச் சான்றில் அவர் பெயர் இருக்கிறதே. அண்ணன் தம்பி தகராறு இருந்தால் அதை நகராட்சி தீர்த்துவைக்காது, கோப்பைக் கட்டி ஓரமாக வைத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் நிலம் உங்களுடையது என்று ஆகிவிடாது. வரி கட்டுபவர் யார் என்பதற்கு மட்டுமே அது சான்று. இதை நம்பி இடம் வாங்கி ஏமாந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நான்காம் படி: பிறப்பு, இறப்புச் சான்று

முதல் விதி: குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. நீங்கள் குடியிருக்கும் ஊர் கணக்கில் வராது. தாய்வீட்டுக்குப் போய்ப் பக்கத்து நகரத்து மருத்துவமனையில் பிரசவம் நடந்திருந்தால், அந்த நகராட்சியில்தான் சான்று.

மருத்துவமனைப் பிரசவம் என்றால் தகவல் தருவது மருத்துவமனையின் பொறுப்பு. நீங்கள் செய்ய வேண்டியது, டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் அவர்கள் எழுதிய படிவத்தை வாங்கி அப்பா பெயர், அம்மா பெயர், முகவரி ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து சரிபார்ப்பது. பெயர்களை ஆதாரில் உள்ளபடி, ஆங்கில எழுத்துக்கூட்டல், இனிஷியல் உட்பட எழுதிக்கொடுங்கள். இங்கே ஐந்து நிமிடம் செலவழிக்காதவர்கள், பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது ஐந்து மாதம் அலைவார்கள். கர்ப்ப காலத்தில் கிராம அல்லது நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியர் பதிந்து தரும் பிக்மி எண்ணையும் கேட்பார்கள். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கெடுவைப் பார்ப்போம். 21 நாளுக்குள் பதிவு, கட்டணம் இல்லை. 21 முதல் 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதிவாளரே பதிவார். 30 நாளைத் தாண்டி ஓராண்டு வரை மேல் அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டால் முன்பு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இப்போது அந்த அதிகாரம் ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையிலுள்ள நிர்வாக நடுவர்களிடம் இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் ஒன்று 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்று ஒன்றுதான். "ஸ்கூல்ல போட்டதுதான் தேதி" என்ற தாத்தா காலத்து வழக்கம் இனிச் செல்லாது.

பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்திருப்பார்கள். சான்றில் பெயர் இடம் காலியாக இருக்கும். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். அதைத் தாண்டினால் அரசு இடையிடையே அறிவிக்கும் சிறப்புக் கால நீட்டிப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சேர்த்த பெயரைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம். ஜோசியர் சொன்ன எழுத்து, மாமியார் சொன்ன பெயர் எல்லாவற்றையும் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

பதிவான சான்றுகளை அரசின் இணையதளத்தில் இலவசமாகவே தரவிறக்கலாம். கியூஆர் குறியோடு வரும் அந்தப் பிரதி எங்கும் செல்லும். ஒரு நகலுக்காகக் கடைக்காரருக்கு நூறு இருநூறு கொடுக்க வேண்டியதில்லை.

இறப்புக்கும் இதே 21 நாள்தான். வீட்டில் இறந்தால் தகவல் தரும் பொறுப்பு குடும்பத்தினுடையது. மயானத்தில் கொடுக்கும் சீட்டு, மருத்துவர் சான்று, இறந்தவரின் ஆதார் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வங்கி, காப்பீடு, ஓய்வூதியம், வாரிசுச் சான்று என வரிசையாகத் தேவைப்படும் என்பதால் முதலிலேயே பெயரில் பிழையில்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. துக்க வீட்டில் இதைக் கவனிக்க ஒருவரைத் தனியாக நியமித்துவிடுங்கள். பங்காளிகளில் யாராவது கிடைப்பார்.

ஐந்தாம் படி: வீடு கட்ட, குழாய் இழுக்க

சிறிய வீடு கட்டுபவர்களுக்கு 2024 ஜூலையில் வந்த சுயசான்றிதழ் முறை உண்மையிலேயே பெரிய நிம்மதி. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளம் அல்லது தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவதென்றால், இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் அனுமதி வந்துவிடும். முன்கூட்டியே யாரும் வந்து இடத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதி கொடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டினால் அந்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது.

இதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது மனை அங்கீகாரம் பெற்றதா என்பது. அங்கீகாரமில்லாத மனைகளில் 2016 அக்டோபர் 20-க்கு முன் பத்திரம் பதிந்தவற்றை வரன்முறைப்படுத்த 2017 விதிகள் வழிவிட்டன. உங்கள் மனை எந்த ரகம் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நகரமைப்புப் பிரிவில் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல.

குழாய் இணைப்புக்கு வரி ரசீது, வீட்டு ஆவணம், விண்ணப்பம். வைப்புத்தொகை, இணைப்புக் கட்டணம், தெருவை வெட்ட வேண்டுமானால் சாலை வெட்டுக் கட்டணம் என்று மூன்று தலைப்பில் பணம் வரும். ஊருக்கு ஊர் தொகை மாறும். மூன்றுக்கும் ரசீது உண்டு. பாதாளச் சாக்கடை இருக்கும் ஊர் என்றால் அதற்குத் தனி விண்ணப்பம். உங்கள் தெருவில் புதிதாக சிமென்ட் சாலை போடப்போகிறார்கள் என்று தெரிந்தால், போடுவதற்கு முன்பே இணைப்பு வாங்கிவிடுங்கள். போட்ட பிறகு வெட்ட அனுமதி கிடைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

ஆறாம் படி: அன்றாடப் புகார்கள்

குப்பை வண்டி வரவில்லை, சாக்கடை அடைத்திருக்கிறது என்றால் முதலில் வார்டு மேஸ்திரி, அடுத்து சுகாதார ஆய்வாளர். இவர்கள் எண்கள் உங்கள் செல்பேசியில் இருக்கட்டும். இரண்டு நாளில் நடக்காவிட்டால் மனு.

தெருநாய்களைப் பிடித்து வேறெங்காவது விடச் சொல்லிக் கேட்பவர்கள் அதிகம். அது நடக்காது. 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே தெருவில்தான் விட வேண்டும். எனவே மனுவில் "கருத்தடைக்கும் வெறிநாய்த் தடுப்பூசிக்கும் ஏற்பாடு செய்க" என்று கேளுங்கள். அது அவர்கள் செய்தாக வேண்டிய வேலை. வெறிபிடித்ததாகத் தோன்றும் நாய் என்றால் தனியாக, அவசரம் என்று குறிப்பிட்டுத் தெரிவியுங்கள்.

செப்டிக் டேங்க் நிறைந்தால் 14420. உரிமம் பெற்ற லாரியைத்தான் கூப்பிட வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். இறங்கச் சொன்ன வீட்டுக்காரரும் பொறுப்பாவார். ஒரு நிமிட விஷவாயுவில் போன உயிர்கள் இந்த மாநிலத்தில் கொஞ்சமல்ல.

ஏழாம் படி: மனு எழுதும் முறை

மனு என்றால் உணர்ச்சி பொங்க இரண்டு பக்கம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதைப் படிக்கும் எழுத்தர் 'பொருள்' என்ற வரியைப் பார்த்துப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார், மிச்சத்தைப் படிக்க மாட்டார். அந்த ஒரு வரியைச் சரியாக எழுதுங்கள். மாதிரிக்கு:

அனுப்புநர்: பெயர், கதவு எண், தெரு, வார்டு எண், செல்பேசி எண்.
பெறுநர்: ஆணையர் அவர்கள், (ஊர்) நகராட்சி.
பொருள்: 14-வது வார்டு – பிள்ளையார் கோயில் குறுக்குத் தெரு – மழைநீர் வடிகால் அடைப்பு – தூர்வாரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,
மேற்படி தெருவில் கதவு எண் 6 முதல் 18 வரையுள்ள வடிகால் மண் மூடி அடைத்துள்ளது. கழிவுநீர் தெருவில் தேங்குகிறது. இது குறித்து வார்டு மேற்பார்வையாளரிடம் (தேதி) அன்று நேரில் தெரிவித்தோம். வடிகாலைத் தூர்வாரித் தருமாறும், எடுத்த நடவடிக்கையை எழுத்துபூர்வமாகத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.
இணைப்பு: புகைப்படம் 2.

இவ்வளவு போதும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். வடிகால், விளக்கு, நாய் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது முதல் பிரிவிலேயே தங்கிவிடும், மற்ற இரண்டுக்குப் போகாது. தெருவில் பத்துப் பேர் கையெழுத்திட்டால் வலு கூடும். ஆனால் முதல் கையெழுத்துக்காரரின் முகவரி தெளிவாக இருக்க வேண்டும், பதில் அவருக்குத்தான் வரும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு தபால் பிரிவில் கொடுங்கள். ஒன்றில் தேதி முத்திரையும் பதிவு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை போடாமல் வெளியே வந்து, ஸ்பீட் போஸ்ட்டில் ஆணையர் பெயருக்கு அனுப்பிவிடுங்கள். சேர்ந்ததற்கான ஆதாரம் தபால் துறையிடம் இருக்கும். பொதுமக்கள் மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் பதிலும் தர வேண்டும் என்று 2015-ல் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை அரசாணை எண் 99 போட்டிருக்கிறது. மனுவின் அடியில் இந்த எண்ணைக் குறிப்பிடுவதில் தவறில்லை. ஆள் விவரம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள்.

எட்டாம் படி: கவுன்சிலரும் பகுதி சபையும்

2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. இன்னமும் சில வார்டுகளில் கவுன்சிலரம்மாவுக்குப் பதில் அவர் கணவர்தான் பேசுவார். மனுவை நீங்கள் அந்த அம்மாவின் பெயருக்கே எழுதி, அவர் கையிலேயே கொடுங்கள். மன்றத்தில் எழுந்து பேசும் உரிமை அவருக்குத்தான் இருக்கிறது.

கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது தெருவுக்கான வேலை. "அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேருங்கள்" என்று கேளுங்கள். பொருளாக வைத்துத் தீர்மானம் நிறைவேறினால்தான் மதிப்பீடு, டெண்டர் என்று நகரும். "பார்த்துச் செய்றேன்" என்பது தீர்மானம் ஆகாது.

கிராமசபை தெரிந்த அளவுக்கு நகரத்தில் பகுதி சபை பலருக்குத் தெரியாது. 2022-ல் இதற்கான விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதன்முதலாக மாநிலம் முழுக்க நடத்தினார்கள். உங்கள் வார்டில் நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் போய் உங்கள் கோரிக்கையைப் பதிவேட்டில் எழுத வையுங்கள். நடக்கவில்லை என்றால், ஏன் நடக்கவில்லை என்பதே நல்ல மனுப்பொருள்.

ஒன்பதாம் படி: நகராத கோப்பை நகர்த்துவது

ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால் மேலே போகலாம். முதலில் ஆணையரை நேரில் பாருங்கள், முத்திரை வாங்கிய பிரதியோடு. அடுத்து நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநர். திங்கள்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள். முதல்வரின் உதவி மையம் 1100.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்சியரிடம் கொடுத்தாலும் 1100-ல் சொன்னாலும் அந்த மனு கடைசியில் அதே நகராட்சிக்கு, அதே மேசைக்குத்தான் திரும்பி வரும். நகராட்சியில் ஏற்கெனவே கொடுத்த எண் உங்களிடம் இல்லாவிட்டால் "மனுதாரர் எங்களை அணுகவில்லை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். எண் இருந்தால் அப்படி எழுத முடியாது.

எல்லாவற்றுக்கும் மேல் எனக்கு நம்பிக்கையுள்ள கருவி 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், இணையத்திலும் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு.

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் "கேள்வி வடிவில் உள்ளது, தகவல் அல்ல" என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: "(தேதி) அன்று பதிவு எண் (எண்) ஆகப் பெறப்பட்ட என் மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது என்ற விவரமும், அந்தக் கோப்பின் குறிப்புப் பக்க நகலும் வேண்டும்." இப்படி ஒரு கடிதம் போனதும், பதில் வருவதற்கு முன்பே வடிகாலைத் தூர்வார ஆள் வந்து நிற்பது சகஜம். சாலை வேலை தரமில்லை என்றால் மதிப்பீட்டு நகல், ஒப்பந்ததாரர் பெயர், அளவைப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் தடிமன் போட வேண்டும் என்பது மதிப்பீட்டிலும், எவ்வளவு போட்டதாக எழுதியிருக்கிறார்கள் என்பது அளவைப் புத்தகத்திலும் இருக்கும். மூன்றாவது அளவை நீங்களே டேப் வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பணம் கேட்டால்

"ஏதாவது பார்த்துக் கொடுங்க" என்றால் "எந்தத் தலைப்பில், எவ்வளவு? ரசீது போட்டுக் கொடுங்கள், கட்டிவிடுகிறேன்" என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். முடியாமல் கோப்பைப் பிடித்து வைத்துக்கொண்டால் லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064. அவர்கள் உங்கள் புகாரை எழுதி வாங்கி, ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்பிக் கையும் களவுமாகப் பிடிப்பார்கள். உங்கள் நியாயமான வேலை நின்றுபோகும் என்று பயப்பட வேண்டாம். புகார் கொடுக்கும்போதே அதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

வேறு வழியின்றி ஏற்கெனவே கொடுத்துத் தொலைத்துவிட்டீர்கள் என்றால், நாள் கணக்கு முக்கியம். 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்துவிட்டால் மட்டும் அவர் மேல் வழக்கு வராது. எட்டாவது நாள் போய் நின்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.